ஈரோட்டில் கலைக்கோட்பாடு வாசிப்புக் குழு: 14 பேரில் தொடங்கி 5 பேரில் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

மஞ்சள்மண்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் கலைக்கோட்பாடு படித்துப் பேசுவதற்கென்று ஒரு சின்னக் குழு நடத்துகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மாலை 6:30 மணி, நண்பர் ஒருவரின் மஞ்சள் கிடங்கு மாடியில். தொடங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. முதல் கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள். போன கூட்டத்தில் என்னையும் சேர்த்து 5 பேர்.

முதலில் ஜான் பெர்ஜர் படித்தோம். 1972-ல் பிபிசியில் நான்கு பகுதிகளாக வந்து, பிறகு புத்தகமும் ஆனதே, பார்க்கும் முறைகள் பற்றியது, அதுதான். நன்றாகப் போனது. அடுத்து டால்ஸ்டாய், கலை என்றால் என்ன என்று அவர் கேட்ட நூல். அதுவும் ஓரளவு ஓடியது. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் எழுதிய இயந்திர மறுஉருவாக்கக் காலத்துக் கலைப்படைப்பு பற்றிய கட்டுரைக்கு வந்ததும் ஆள் குறைய ஆரம்பித்துவிட்டது. நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறேன். 40 பக்கம் நகல் எடுத்து முன்கூட்டியே கொடுக்கிறேன். ஒன்றரை மணி நேரம் விளக்குகிறேன். முடிந்ததும் "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த முறை வருவதில்லை.

எனக்கு இது சும்மா பொழுதுபோக்கு இல்லை. நான் படித்தது வணிகவியல், செய்வது மஞ்சள் ஏலக் கணக்கு. ஒரு படத்தின் முன்னால் நின்றால் ஏன் மனசு நிற்கிறது என்று சொல்லத் தெரியாமல் இருபது வருடம் இருந்திருக்கிறேன். அதைச் சொல்ல இந்த நூல்களில் வார்த்தை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, இதைத் தனியாகப் படிக்கக் கூடாது, நாலு பேரோடு உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குழு நடத்திப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கரித்துண்டு:

மஞ்சள்மண்டி அண்ணா, நான் தாராபுரம் பக்கம் ஓவிய ஆசிரியர். எங்களுடையது ஆறே பேர் உள்ள குழு, நான்காவது வருடம் நடக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றரை மணி நேரம் நீங்கள் விளக்குகிறீர்கள். அப்படியானால் வந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை?

40 பக்கம் வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்றால் யாரும் படிப்பதில்லை. படிக்காமல் வந்தவர் வாய் திறக்கக் கூச்சப்படுவார். இரண்டு முறை அப்படி உட்கார்ந்தவர் மூன்றாவது முறை வரமாட்டார். நாங்கள் முன்கூட்டி எதுவும் கொடுப்பதில்லை. கூட்டத்திலேயே இரண்டு பக்கம், அதிகம் போனால் மூன்று. ஆளுக்கு ஒரு பத்தி சத்தமாகப் படிக்க வேண்டும். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஒரு மாலை முழுக்க ஒரே பத்தியில் நின்றதும் உண்டு, அதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

இன்னொன்று, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் நடுவில் ஒரு பொருளை வைப்போம். ஒரு முறை பழைய அம்மிக்கல். பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்ப்பது, பிறகு "அம்மி" என்ற சொல்லையே சொல்லாமல் அதை விவரிப்பது. ஒருவர் நிறத்தைச் சொன்னார், ஒருவர் கொத்திய புள்ளிகளைச் சொன்னார். ஓர் அக்கா, நடுவில் இருக்கும் பள்ளம் தன் மாமியாரின் கை போட்டது என்றார். இருபது வருடம் அதே அம்மியில் அரைத்தவர், பள்ளத்தை அன்றைக்குத்தான் பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ரஷ்ய இலக்கிய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-ல் எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைப் படித்தோம். பழக்கம் நம்மிடமிருந்து பொருட்களை விழுங்கிவிடுகிறது, கல்லை மறுபடி கல்லாக உணர வைக்கத்தான் கலை இருக்கிறது என்று அவர் சொல்லும் இடம். எனக்கு விளக்க ஒன்றுமே மிச்சம் இருக்கவில்லை. படித்து முடித்ததும் எல்லோரும் அந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாவுநூல்:

நான் சென்னிமலை. அப்பா குழித்தறியில் நெய்கிறார், நான் டிசைன் போடுகிறேன். பெஞ்சமினை விட்டுவிடாதீங்க அண்ணா. அவர் எங்கள் தெருவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில் ஒரு தப்பு நடக்கிறது. கோவையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கைத்தறிக்கு "ஆரா" உண்டு, விசைத்தறிக்கு இல்லை என்று ஒருவர் பேசினார், எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெஞ்சமின் சொல்வது அது இல்லை. அவர் சொல்லும் ஆரா என்பது ஓர் அசல் படைப்பு ஓர் இடத்தில், ஒரு காலத்தில் நிற்பது. புகைப்படம் வந்ததும் எது அசல் என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது என்கிறார். சரி, என் அப்பா ஒரு பாவில் ஒரே டிசைனில் வரிசையாகப் போர்வை நெய்கிறார். இதில் எது அசல்? முதல் போர்வையா, நான் வரைந்த தாளா, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும், டிசைனுக்கேற்பத் துளை போட்ட அட்டையா? ஜக்கார்டு தன் தறியைக் கொண்டுவந்தது 1804 வாக்கில். புகைப்படத்துக்கு முன்னாலேயே துணிக்கு நகல் வந்துவிட்டது. கைத்தறியில் நெய்தாலும் நகல் நகல்தான்.

அப்படியானால் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் இல்லையா? இருக்கிறது. ஊடை, அதாவது குறுக்கு நூல், விழும் அழுத்தம் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி இருக்கும். அப்பாவுக்குத் தோள்வலி வந்த வாரம் நெய்ததை நான் தொட்டே சொல்லிவிடுவேன். அது ஆரா இல்லை, ஓர் ஆளின் உடம்பும் நேரமும் துணியில் விழுந்த தடம். இதற்குப் பெஞ்சமினிடம் சொல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு குழு இருந்தால் இதைத்தான் கேட்பேன். 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி இப்போது 11 வகைத் துணிகள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன, சேலை, வேட்டி, போர்வை, ஜமக்காளம் எல்லாம் அதில் வருகிறது. ஆக எந்தத் துணியைக் கையால்தான் நெய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் வரையறுக்கிறது. கலைக்கோட்பாடு என்று வேறு எதைச் சொல்வது?

வாசல்கோலம்:

பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் குழுவின் முதல் இரண்டு கூட்டத்துக்கு நான் வந்திருக்கிறேன், அண்ணா. மூன்றாவதுக்கு வராததற்குப் பெஞ்சமின் காரணம் இல்லை. ஞாயிறு மாலை 6:30 என்பதுதான் காரணம்.

அந்த நேரத்தில் வீட்டில் விளக்கு வைக்க வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும், ராத்திரிச் சாப்பாடு. கூட்டம் முடிய 8:30 ஆகிறது. அப்புறம் பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது மணி பத்து. முதல் கூட்டத்தில் நாங்கள் ஐந்து பெண்கள். இரண்டாவதில் இரண்டு. இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின் 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார், பெரும் பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்று கேட்டு. மறைந்து கிடக்கும் பெண் மேதைகளைத் தேடிப் பட்டியல் போடுவதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் விதத்தையே பிரித்துப் பார்த்தார். ஐரோப்பாவில் பெரிய ஓவியம் என்று மதிக்கப்பட்டது மனித உடலை வரைவது. அதற்கு நேரில் உடலைப் பார்த்து வரையும் வகுப்பு வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை பெரும்பாலும் விடவே இல்லை. திறமை இருந்ததா இல்லையா என்பதற்கு முன்னால், கதவு எத்தனை மணிக்கு யாருக்குத் திறந்திருந்தது என்பதுதான் கேள்வி. நான் அதைப் படித்தபோது உங்கள் மஞ்சள் கிடங்கு மாடிப்படிதான் நினைவுக்கு வந்தது. கோபமாகச் சொல்லவில்லை. இந்தக் குழு எனக்கு வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

காலை வேண்டாம், ஞாயிறு காலை எங்களுக்குச் சமையலிலேயே போய்விடும். மதியம் 2:30-லிருந்து 4:30 வைத்துப் பாருங்கள்.

மஞ்சள்மண்டி:

அக்கா, போன கூட்டத்தில் ஐந்து பேருமே ஆண்கள்தான். பதினோரு மாதத்தில் இதை நான் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நேரத்தை மாற்றுகிறேன். அடுத்த கூட்டமே 2:30-க்கு.

ஏட்டுச்சுவடி:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கோபியில் இருக்கிறேன். இந்த இழை முழுவதும் படித்தேன். எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் பெர்ஜர், டால்ஸ்டாய், பெஞ்சமின் என்று போகும் வரிசையில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். அவர் நம் ஊர்க்காரர்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் பிறந்த நிரம்பை கொங்கு நாட்டு ஊர் என்று கொங்குமண்டல சதகம் சொல்கிறது. அவருடைய உரை நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததை உ.வே.சாமிநாதையர் 1892-ல் மூலத்தோடு சேர்த்துப் பதிப்பித்தார். மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதைக்கு அவர் எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள். கூத்து எத்தனை வகை, பாடலாசிரியன் எப்படிப்பட்டவன், யாழ் வாசிப்பவன் என்ன தெரிந்திருக்க வேண்டும், அரங்கை எப்படி அமைப்பது என்று வரிக்கு வரி விரித்துப் பேசுகிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நகலுக்குக் கூடச் செலவில்லை.

அதற்கு முன்னால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பற்றிய பகுதி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்லியிருக்கிறது. மருட்கை, அதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும். பெரியதைக் கண்டு வியப்பது யாருக்கும் தெரியும். சிறியதும் வியப்பைத் தரும் என்று தனியாக எண்ணி வைத்தவரின் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

பக்கத்திலேயே அரச்சலூர் இருக்கிறது. அங்கே மலைக்குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் த, தை, தா என்று தாளச்சொற்களை ஐந்துக்கு ஐந்து கட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றே வரும். அந்த எழுத்தைப் புணர்த்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டியிருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னும் நாணயமும் நோட்டம் பார்ப்பவன். கலைஞன் தன் பெயரைப் படைப்பில் இடுவது எப்போது தொடங்கியது என்று விவாதிக்க வேண்டுமா, ஈரோட்டிலிருந்து டவுன் பஸ் ஏறினால் போதும்.

உக்கடம்வாசி:

ஐயா, உங்கள் மீது மரியாதையோடு மாறுபடுகிறேன். நான் கோவையில் எம்.ஏ. படிக்கிறேன். "எல்லாம் நம்மிடமே இருக்கிறது" என்று ஆரம்பிக்கும் கூட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் அந்தப் பழைய நூலையும் உண்மையில் படிப்பதில்லை. பெருமைப்பட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். பெஞ்சமின் கஷ்டமாக இருக்கிறார் என்பதற்காகத் தொல்காப்பியத்துக்குப் போனால் அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். ஐரோப்பிய ஓவியத்தை நன்றாகக் கற்றவர், 1963 வாக்கில் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையை வரையத் தொடங்கினார். கிறுக்கிய மலையாள எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்குக் குறி எல்லாம் அதில் வரும். இரண்டு பக்கமும் தெரிந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. எனவே இரண்டையும் படிக்க வேண்டும், இரண்டையும் அதனதன் கஷ்டத்தோடு படிக்க வேண்டும்.

என் உண்மையான சிக்கல் சொல். ஆங்கிலத்தில் படித்தால் பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள். தமிழில் பேசினால் "ஆரா" போன்ற சொல் வந்ததும் நின்றுவிடுகிறோம். "ஒளிவட்டம்" என்றால் காலண்டர் சாமிக்குப் பின்னால் இருக்கும் வட்டம்தான் தோன்றுகிறது. உங்கள் குழுக்களில் என்ன செய்கிறீர்கள்?

கரித்துண்டு:

நாங்கள் இதற்கே இரண்டு கூட்டம் செலவழித்தோம் தம்பி. முதலில் "உயிர்ப்பு" என்று வைத்தோம், நிற்கவில்லை. பிறகு கோயிலில் பூசை செய்யும் ஒருவர், எங்கள் குழுவில் இருக்கிறார், "சாந்நித்தியம்னு சொல்லலாமேங்க" என்றார். தெய்வம் ஓரிடத்தில் நேரில் இருப்பது என்று பொருள். எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்தது. பெஞ்சமினே ஆராவின் வேர் வழிபாட்டில் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். கருவறைக்குள் பூசாரி மட்டும் காணக்கூடிய சிலையை ஓர் உதாரணமாகவே காட்டுகிறார். வழிபாட்டு மதிப்பு ஒரு பக்கம், காட்சி மதிப்பு ஒரு பக்கம். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் தெய்வச் சிலையைவிட, தூக்கிக்கொண்டு போகக்கூடிய மார்பளவுச் சிலைக்குக் காட்சி மதிப்பு கூடுதல் என்கிறார்.

அந்த இடத்தில்தான் அதே பூசாரி மறித்தார். "எங்களுக்கு மூலவரும் உண்டு, உற்சவரும் உண்டுங்க. உற்சவர் ஊரெல்லாம் சுத்தி வருவார், எல்லாரும் பார்ப்பாங்க, அதனால அவருக்குச் சாந்நித்தியம் கொறஞ்சா போகுது?" என்றார். நகர்ந்தால், பலரும் பார்த்தால் வழிபாட்டு மதிப்பு பின்னுக்குப் போகும் என்பது பெஞ்சமின் போடும் கோடு. தேரில் வரும் உற்சவர் அந்தக் கோட்டில் அடங்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றுவரை யோசிக்கிறேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் பெஞ்சமினை மாணவர்களாக உட்கார்ந்து கேட்கவில்லை, எதிரில் உட்கார்ந்து பேசினோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாந்நித்தியம் என்று வைத்ததும், ஆரா போய்விட்டதே என்று பெஞ்சமின் அழுவதாக நினைக்கத் தோன்றும். அவர் அழுவது மட்டும் இல்லை. நகல் வந்ததால் கலை சடங்கின் பிடியிலிருந்து விடுபடுகிறது, கூட்டத்தின் கைக்கு வருகிறது என்ற நம்பிக்கையும் அதே கட்டுரையில் இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி பாரிசில் இருந்துகொண்டு 1935-ல் எழுதத் தொடங்கியவர். அந்தக் காலத்தை முதலில் ஐந்து நிமிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையின் கடைசிப் பகுதி விளங்காது.

பாவுநூல்:

உற்சவர் கேள்வி அபாரம். அந்தப் பூசாரி ஐயாவை நான் பார்க்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

உக்கடம்வாசி தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பெருமைக்காகப் படித்தால் படிப்பு நடக்காது என்பது உண்மை, முப்பது வருடம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அப்படியானால் படிக்கும் வழியை நீங்கள் மாற்றுங்கள், நூலை மாற்ற வேண்டாம். அரங்கேற்று காதையில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவு இருக்கிறது. கோல் என்பது 24 விரல். மாடியில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். அதன் பிறகு உரையைப் படியுங்கள்.

மஞ்சள்மண்டி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று கூட்டம் நடந்துவிட்டது, எல்லாம் மதியம் 2:30-க்கு. முதல் கூட்டம் 8 பேர், பிறகு 9, போன ஞாயிறு 11. பெண்கள் ஆறு பேர். வாசல்கோலம் அக்கா தன் தங்கையையும் கூட்டி வந்தார்.

குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லி முடியாது. யாராவது தடுமாறும்போது வாய் தானாகத் திறக்கிறது. அதற்காக ஓர் ஏற்பாடு செய்தோம். பத்தியைப் படித்தவர்தான் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில்தான் பேசலாம். மூன்று கூட்டத்தில் இரண்டில் எனக்குப் பேச நேரமே வரவில்லை.

முதல் கூட்டம் அரங்கேற்று காதை. மாடியில் அளந்தோம். பெருவிரல் அகலம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோல் இரண்டடி. அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி. சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி நின்று பார்த்தோம். மாதவி ஆடிய மேடை என்று நாங்கள் மனசில் கட்டி வைத்திருந்தது கல்யாண மண்டப மேடை அளவு. இது எங்கள் வீட்டு முன்னறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அக்காவின் தங்கை கோட்டுக்குள் போய் நின்று, "இங்க இருந்தா எல்லார் மொகமும் தெரியுது" என்றார். ஐயா எழுதிய மருட்கை, சிறுமையிலிருந்து பிறப்பது, யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் நினைவு வந்தது. அதன் பிறகு உரையில் இரண்டு பக்கம்தான் படிக்க முடிந்தது. ஒவ்வொரு சொல்லும் கடினம்தான், ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது கூட்டம் பெஞ்சமின், சாந்நித்தியம் பற்றிய அந்த இரண்டு பக்கம். நடுவில் வைத்த பொருள் பழைய காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட முருகன் படம். அச்சடித்த படம்தானே என்று ஒருவர் தொடங்கினார். அந்தப் படத்துக்கு 30 வருடமாகத் தினமும் பொட்டு வைத்திருக்கிறார்கள், குங்குமம் கண்ணாடிக்குள்ளும் இறங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் அடித்த நகல் ஒன்று ஒரு வீட்டில் அசலாகிவிட்டதே, இதை என்ன சொல்வது என்று விவாதம் போனது. பாவுநூல் தம்பி சொன்ன தடம் என்ற சொல்லை அங்கே பயன்படுத்தினோம்.

மூன்றாவது, வேன் வைத்துக்கொண்டு தாரமங்கலம் போனோம். கைலாசநாதர் கோயில், கெட்டி முதலிகள் கட்டியது. ராமன் மறைந்து நின்று வாலியின் மேல் அம்பு விடும் சிற்பம் அங்கே பேர் போனது. ராமன் இருக்கும் தூணருகே நின்றால் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுவது தெரியும். வாலியின் தூணருகே போய்ப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான். எல்லோரும் மாறி மாறி நின்று பார்த்தோம். பிறகு வெளியே நிழலில் உட்கார்ந்து பெர்ஜரை மறுபடி எடுத்தோம். தட்டையான பரப்பில் ஆழத்தையும் தூரத்தையும் காட்டும் ஐரோப்பிய ஓவிய முறை (perspective) உலகம் முழுவதையும் பார்ப்பவரின் ஒற்றைக் கண்ணை நோக்கி அடுக்கி வைக்கிறது, அந்தக் கண் எங்கும் நகராது என்கிறார் அவர். போன வருடம் அதைப் படித்தபோது சரி என்று தலையாட்டிவிட்டுப் போனோம். தாரமங்கலத்துச் சிற்பி நம்மை நடக்க வைக்கிறார், நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து நம் அறிவே மாறுகிறது. வாலியின் இடத்தில் நிற்கிறவருக்குத் தன்னைக் கொல்ல வந்தவன் தெரியமாட்டான். இது வெறும் சிற்ப வித்தையா, அல்லது அந்தக் கதையில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பற்றிச் சிற்பி சொன்ன கருத்தா? திரும்பி வரும்போது சங்ககிரி தாண்டியும் வேனில் சண்டை ஓயவில்லை. மூன்று பேர் வித்தை என்கிறார்கள், மற்றவர்கள் கருத்து என்கிறார்கள். நான் கருத்து என்ற பக்கம்.

வாசல்கோலம்:

நான் வித்தை என்ற பக்கம், இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் நோக்லின் கட்டுரையை நான் எடுத்துப் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் வைக்கப் பொருள் வேண்டாம். அவரவர் வீட்டில் பெண்கள் செய்த, பெயர் போடாத ஏதாவது ஒன்றைக் கொண்டு வாருங்கள்.

பாவுநூல்:

அக்கா, அப்படியானால் அந்தக் கூட்டத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? அப்பா நெய்யும் எல்லாத் துணிக்கும் தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பது, அம்மா. போர்வையில் ஒட்டும் சீட்டில் அப்பா பெயர்தான் இருக்கும். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், வரச் சொல்கிறார். சென்னிமலை பஸ் நிலையத்தில் இறங்கி எனக்குச் செய்தி அனுப்புங்கள், வந்து கூட்டிப் போகிறேன். 2:30-க்குக் கூட்டம் என்றாலும் கொஞ்சம் முன்னாலேயே வாருங்கள். அப்பா சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் தறிக்குழியில் இறங்குவார், ராட்டையில் அம்மா அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்.